மருந்து விலை மறைபொருளா?

2025-ஆம் ஆண்டு மே முதல் நாள். உலகமெங்கும் தொழிலாளர் கொண்டாடும் திருநாள். அந்த நாளில் நம் நாட்டில் ஓர் ஆணை நடைமுறைக்கு வந்தது. தனியார் கிளினிக், தனியார் ஆஸ்பத்திரி, மருந்துக்கடை ஆகிய இடங்களில் மருந்தின் விலையை வாங்குவோர் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ளும்படி காட்டியாக வேண்டும் என்பதே அந்த ஆணை. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது பிறப்பிக்கப்பட்டது. உள்நாட்டு வாணிப அமைச்சும் சுகாதார அமைச்சும் சேர்ந்து கொண்டுவந்த ஆணை அது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு சிறு காரியம். தஞ்சோங் மாலிம் பட்டணத்தில் மளிகைக் கடைக்குப் போகிறோம். வெங்காயத்துக்கு விலைச் சீட்டு இருக்கிறது. கருவாட்டுக்கும் இருக்கிறது. மருந்துக்கடைக்குப் போனால்கூட, முன் அடுக்கில் உள்ள தைலத்துக்கும் இருமல் மருந்துக்கும் பெரும்பாலும் விலை ஒட்டியிருக்கும். ஆனால் கவுன்டருக்குப் பின்னால், டாக்டர் எழுதித் தந்தால்தான் கிடைக்கும் என்ற மாத்திரைகள் அடுக்கியிருக்கின்றனவே, அவற்றின் விலை என்ன? அது பணம் கட்டும்போதுதான் தெரியும். கிளினிக்கிலோ பணம் கட்டிய பிறகும் தெரியாது. வெங்காயம் விலை கூடினால் வாங்காமல் வரலாம். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்காமல் வர முடியுமா? எதை வாங்காமல் இருக்க முடியாதோ, அதன் விலைதான் இத்தனை காலமும் மறைபொருளாக இருந்தது.

ஆகவே இதைச் சிறு காரியம் என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். இந்த ஆணையை நாம் வரவேற்கிறோம். வரவேற்பதோடு நில்லாமல், இது எங்கே போதாது என்பதையும், இதைப் பயனுள்ளதாக்கத் தொழிலாளர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தராசு முள் யார் பக்கம்?

பால்மரம் சீவிப் பிழைத்தவர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பால் கொட்டகையை நினைத்தாலே போதும்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மரம் மரமாகச் சீவி, வாளியில் பால் சேர்த்துத் தோளில் காண்டா சுமந்து கொட்டகைக்கு வருகிறோம். அங்கே பால் நிறுக்கப்படுகிறது. மாதிரி எடுக்கிறார்கள். மெட்ரோலாக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு கோடு ஏறினாலும் இறங்கினாலும் நம் கூலி ஏறும், இறங்கும். பழைய நாளில் இது எப்படி இருந்தது? தராசு முள் நிறுப்பவர் பக்கம் இருந்தது. சொன்னதுதான் எடை, எழுதியதுதான் கணக்கு. "காட்டுங்கள்" என்று கேட்டவனுக்கு வாயாடி என்ற பட்டம்.

அந்த முள்ளைத் தொழிலாளி பக்கம் திருப்பியது தொழிற்சங்கம். 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியச் சங்கமாக எழுந்த பிறகு, கூலியைப் போலவே கணக்கையும் கேட்கும் வலிமை நமக்கு வந்தது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டமும் அதையொட்டிய 1957-ஆம் ஆண்டின் விதிகளும், சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது, எதற்காக எவ்வளவு பிடிக்கப்பட்டது என்ற விவரத்தைத் தொழிலாளிக்குத் தர வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதித்தன. சம்பளச் சீட்டு என்னும் அந்தத் துண்டுக் காகிதத்தால் கூலி ஒரு காசுகூட உயரவில்லை. ஆனால் உயர்வு கேட்க நமக்கு ஒரு பிடி கிடைத்தது. கணக்குத் தெரியாதவனால் நியாயம் கேட்க முடியாது.

நிறுத்து எழுதிய கிராணிமாரை இங்கே நாம் குறை கூறவில்லை. அவர்களும் நம் வாசகர்கள். கணக்கு வெளிப்படையானதும் மிகவும் நிம்மதி அடைந்தவர்கள் அவர்களே. நேர்மையாக நிறுத்த கிராணியின் மேல் விழுந்த வீண் சந்தேகம் அதனால் நீங்கியது. மருந்து விலையிலும் அப்படித்தான். பட்டியல் வெளியே இருந்தால், நேர்மையான டாக்டருக்கும் நேர்மையான மருந்துக்கடைக்காரருக்கும் அது காவல். மறைக்க வேண்டிய கணக்கு உடையவர்க்கு மட்டுமே அது தொல்லை.

ஒரு மூத்த தொழிலாளியின் கதை

அண்மையில் ஓர் அம்மாள் நம்மைக் காண வந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் கைமாறியது. மரங்கள் வெட்டப்பட்டு நிலம் செம்பனைக்குப் போயிற்று. இப்போது பட்டணத்தின் ஓரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். இனிப்புநீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாதாமாதம் அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுப்பவர். ஒரு மாதம் காலில் புண் கண்டது, காய்ச்சலும் சேர்ந்தது. மகன் வேலை முடிந்து இரவில்தான் வருவான். அரசாங்க கிளினிக் அடைத்த நேரம். ஆகவே ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் பார்த்தார். நாலு வகை மாத்திரை கொடுத்தார்கள். ரசீதில் ஒரே ஒரு வரி. வைத்தியமும் மருந்தும் சேர்த்து ஒரு தொகை. மகனுடைய ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் அந்தத் தொகை. அம்மாள் நம்மிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஐயா, இதில் டாக்டருக்கு எவ்வளவு, மாத்திரைக்கு எவ்வளவு? நாலு மாத்திரையில் ரெண்டு வீட்டிலேயே இருக்கு. அதை வேண்டாம்னு சொல்லியிருந்தா எவ்வளவு மிச்சமாயிருக்கும்?"

அந்த ரசீதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்த டாக்டர் அதிகம் வாங்கினார் என்று நாம் சொல்லவில்லை. நியாயமாகவே வாங்கியிருக்கலாம். நியாயமா அநியாயமா என்று அறிய வழியில்லை என்பதே நம் குறை. அம்மாள் அங்கேயே ஏன் கேட்கவில்லை? "டாக்டர்கிட்டே விலை கேட்டா மரியாதையா இருக்குமா?" என்றார். துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் தலை குனிந்து நின்ற பழக்கம், தோட்டம் போன பின்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பெரியோர் வாக்கு. டாக்டரிடம் மதிப்பு வைப்பது வேறு. கொடுக்கும் காசுக்குக் கணக்குக் கேட்பது வேறு.

கூலி எவ்வளவு, நோய் எத்தனை?

2025 பிப்ரவரி முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று விதிக்கப்பட்டது. இருபத்தாறு நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. அரிசியும் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அதில்தான். மருந்தும் அதில்தான்.

நோயோ ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. சுகாதார அமைச்சின் 2023-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. இரத்தக் கொதிப்போ ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. இவை காய்ச்சல், தலைவலி போல மூன்று நாளில் போகிற நோய்கள் அல்ல. ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டும். மாத்திரைக்குப் பத்துக் காசு வித்தியாசம் என்றால் அற்பமாகத் தோன்றும். நாளைக்கு நாலு மாத்திரை, ஆண்டுக்கு 365 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். 146 வெள்ளி. இரண்டு நாள் கூலிக்கு மேல்! பத்துக் காசுக்கே இந்தக் கணக்கு என்றால், ஒரு வெள்ளி வித்தியாசத்துக்கு?

முன்பு தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. டிரஸ்ஸர் இருந்தார். கசப்புத் தண்ணீரைக் கலக்கி ஊற்றினார் என்று நாம் கேலி பேசியதும் உண்டு. ஆனாலும் மருந்துக்குக் காசு கேட்டவர் இல்லை. தோட்டம் போனதோடு அந்த ஏற்பாடும் போயிற்று. இன்று அரசாங்க கிளினிக்கில் குடிமகன் ஒரு வெள்ளி கட்டினால் வைத்தியமும் உண்டு, மருந்தும் உண்டு. இதைப்போன்ற பெரும் வசதி எத்தனையோ பணக்கார நாட்டிலும் இல்லை என்பதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காலையில் போய் நின்றால் அரை நாள் கூலி போகும். மாலையில் போகலாம் என்றால் கதவு அடைத்திருக்கும். அந்நிய நாட்டிலிருந்து வந்து நம்மோடு மரம் சீவும், குலை வெட்டும் தோழர்களுக்கோ அந்த ஒரு வெள்ளிக் கட்டணம் கிடையாது. ஆகவே தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் ஏழைக்கு வேண்டாத இடங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மலிவான மருந்தில் பெரிய இலாபம்

மருந்து விலை மறைந்திருந்ததால் என்ன நேர்ந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, 2004 அக்டோபர் தொடங்கி 2005 ஜனவரி வரை நாட்டில் மருந்து விலைகளைத் திரட்டினர். 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதில் கண்ட இரண்டு செய்திகளை நம் வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

மருந்தில் இரண்டு வகை. முதன்முதல் கண்டுபிடித்த கம்பெனி தன் பெயரிட்டு விற்பது ஒரு வகை. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பின், அதே மருந்தைப் பிற கம்பெனிகள் செய்து குறைந்த விலைக்குத் தருவது மற்றொரு வகை. பின்னதைப் பொதுப்பெயர் மருந்து என்போம். பொதுப்பெயர் மருந்து ஏழைக்கு மலிவாகக் கிடைக்க வேண்டும். அதுதானே நியாயம்?

அந்த ஆய்வு கண்டது என்ன? மருந்துக்கடைகள் மூலக் கம்பெனி மருந்தின் மேல் வைத்த இலாபம் 25 முதல் 38 விழுக்காடு. பொதுப்பெயர் மருந்தின் மேல் வைத்ததோ 100 முதல் 140 விழுக்காடு! கிளினிக்குகளில் மூலக் கம்பெனி மருந்தின் மேல் 50 முதல் 76 விழுக்காடு. பொதுப்பெயர் மருந்தின் மேல் 316 விழுக்காடு வரை! அதாவது ஒரு வெள்ளிக்கு வாங்கிய மருந்து நாலு வெள்ளிக்கு மேல் விற்கப்பட்டது. வயிற்றுப் புண்ணுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் தனியாரிடம் ஒரு மாத மருந்து வாங்கக் கடைநிலை ஊழியர் ஒருவரின் ஏறக்குறைய ஒரு வாரச் சம்பளம் வேண்டியிருந்தது என்றும் அதே ஆய்வு கூறியது.

இது எப்படி நேர்கிறது? பத்து வெள்ளிக்கு விற்கும் பெயர்பெற்ற மருந்துக்குப் பதிலாக, ஒரு வெள்ளிக்கு வாங்கிய மருந்தை நாலு வெள்ளிக்குக் கொடுத்தால், வாங்குகிறவன் "ஆறு வெள்ளி மிச்சம்" என்று மகிழ்ந்து போவான். அடக்க விலை அவனுக்குத் தெரியாது. பக்கத்துக் கடையில் அதே மருந்து இரண்டு வெள்ளிக்குக் கிடைப்பதும் தெரியாது. பார்த்து ஒப்பிட வழி இல்லாத சந்தையில் போட்டி என்பது வெறும் பேச்சு.

அது இருபது ஆண்டுக்கு முந்திய கணக்கு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதன் பிறகு நிலைமை திருந்தியிருந்தால் மகிழ்ச்சியே. திருந்தியது என்பதை ஊரார் அறிய ஒரே வழி, விலையை வெளியே வைப்பது.

டாக்டர்கள் சொல்வதையும் கேட்போம்

இந்த ஆணையை டாக்டர்கள் எதிர்த்தார்கள். 2025 மே 6-ஆம் நாள், மலேசிய மருத்துவச் சங்கத்தின் தலைமையில் பல நூறு டாக்டர்கள் புத்ராஜெயாவில் பிரதமர் அலுவலகத்தின் முன் திரண்டார்கள். அவர்கள் சொன்னதை ஒரு தொழிற்சங்கப் பத்திரிகை ஒதுக்கித் தள்ளுவது தகாது. கேட்போம்.

கிளினிக் மளிகைக் கடையல்ல, அதன்மேல் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தைப் பாய்ச்சுவது டாக்டரைக் கள்ளச் சந்தைக்காரன் போல் நடத்துவதாகும் என்பது முதற் குறை. நோயாளியைப் பார்க்க டாக்டர் வாங்கலாம் என்று விதி அன்று அனுமதித்த கட்டணம் 10 வெள்ளி முதல் 35 வெள்ளி வரைதான், 1992-லிருந்து அன்று வரை அது உயரவே இல்லை, வாடகையும் தாதியர் சம்பளமும் மின்சாரமும் உயர்ந்துகொண்டே போகின்றன என்பது இரண்டாவது குறை.

முதற் குறையை நாம் ஏற்கவில்லை. விலையைக் காட்டச் சொல்வது அவமானமானால், விலைச் சீட்டுத் தொங்கவிடும் ஒவ்வொரு கடைக்காரரும் அவமானப்பட்டவரா? ஆனால் இரண்டாவது குறையை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். முப்பது ஆண்டுக்கு மேல் கூலி உயராமல் வேலை செய் என்றால் யாரால் முடியும்? கூலி உயர்வு கேட்பது குற்றமல்ல என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? ரப்பர் விலை விழுந்த காலத்திலெல்லாம் நம் கூலியைக் கடித்தவர்களிடம் எத்தனை முறை நாம் இதையே சொன்னோம்!

இங்கேதான் உண்மை வெளிப்படுகிறது. டாக்டருடைய கட்டணத்தை ஒரு கயிற்றால் கட்டிப்போட்டார்கள். மருந்து விலைக்குக் கட்டு இல்லை. கட்டணத்தில் கிடைக்காததை மருந்தில் எடுக்க வேண்டிய நிலைக்குப் பல டாக்டர்கள் தள்ளப்பட்டார்கள். அதனால் அதிகம் மருந்து தேவைப்படும் நாட்பட்ட நோயாளியே டாக்டரின் சம்பளத்தில் பெரும் பங்கைச் சுமக்க நேர்கிறது. ஏழைக் கிழவி மாத்திரை வழியாகக் கொடுக்கிறாள். இளைஞன் ஒரு வேளை மருந்தோடு தப்பித்துக்கொள்கிறான். இது நியாயமல்ல. டாக்டரின் கூலியை நேராகக் கேளுங்கள், நேராகக் கொடுப்போம். மாத்திரைக்குள் ஒளித்து வாங்க வேண்டாம். கட்டணம் நியாயமாக உயர வேண்டும், மருந்து விலை வெளியே வர வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பதே நம் கட்சி.

விலையைக் காட்டினால் மட்டும் போதுமா?

போதாது. இந்த ஆணை விலையைக் காட்டச் சொல்கிறது. எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. விலைக்கு உச்சவரம்பு வைக்கும் திட்டம் ஒன்றை 2019-இல் அமைச்சரவை ஏற்றது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே அநியாய விலையையும் அழகான எழுத்தில் எழுதித் தொங்கவிட்டால் ஆணை நிறைவேறிவிடும்.

இந்தியாவைப் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிட்டிருக்கும். ஊர் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆனால் விலையை அச்சிடச் சொன்னதோடு அந்நாடு நிற்கவில்லை. 1997-இல் தேசிய மருந்து விலை ஆணையத்தை அமைத்தது. 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை விதித்தது. மற்ற மருந்துகளின் விலை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றது.

தமிழ்நாடு மற்றொரு வழியையும் காட்டியது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தையெல்லாம் ஒரே இடத்தில், பொதுப்பெயரில், ஏலம் கேட்டு மொத்தமாக வாங்கும் முறை அதனால் வந்தது. 2025 பிப்ரவரி 24-இல் 'முதல்வர் மருந்தகம்' என்ற பெயரில் ஆயிரம் மலிவு விலை மருந்துக்கடைகள் அங்கே திறக்கப்பட்டன.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி இலங்கை. அங்கே பேராசிரியர் சேனக பிபிலே என்னும் மருத்துவ அறிஞர், மருந்தை வாணிபப் பெயரால் அல்ல, பொதுப்பெயரால் வாங்க வேண்டும், நாட்டுக்குத் தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு அரசாங்கமே உலகச் சந்தையில் விலை கேட்டு வாங்க வேண்டும் என்றார். 1971-இல் அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது. பெரிய மருந்துக் கம்பெனிகளின் கடும் எதிர்ப்பையும் மீறி, ஒரு சிறு ஏழை நாடு மருந்துச் செலவைக் குறைத்துக் காட்டியது. உலக அரங்குகள் அந்த வழியைப் பாடமாக எடுத்துக்கொண்டன. ஒருவன் கேட்டால் விலை குறையாது, ஊரே சேர்ந்து கேட்டால் குறையும் என்பதுதான் அந்தப் பாடம். தொழிற்சங்கத்துக்கு இது புதிய பாடமா என்ன?

நாம் கேட்பது

ஒன்று: பட்டியல் நோயாளி கையில் எடுத்துப் பார்க்கும்படி முன்னால் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டிய புத்தகம் பட்டியல் ஆகாது. மாத்திரை ஒன்றுக்கு இவ்வளவு என்று, பெரிய எழுத்தில், பொதுப்பெயரோடு இருக்க வேண்டும். முப்பது மாத்திரைப் பெட்டியையும் நூறு மாத்திரைப் பெட்டியையும் வேறு எப்படி ஒப்பிடுவது?

இரண்டு: கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரிவினை ரசீது தர வேண்டும். வைத்தியக் கட்டணம் இவ்வளவு, இன்ன மருந்து இத்தனை, அதன் விலை இவ்வளவு என்று தனித்தனியாக. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது இன்றைக்கும் தனியார் சுகாதார விதிகளில் உண்டு. கேட்கத் துணியாதவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை. ஆகவே கேட்காமலே வர வேண்டும்.

மூன்று: நாட்பட்ட நோய்களுக்கான முக்கிய மருந்துகளுக்காவது உச்ச விலை வேண்டும். 2019-இல் ஏற்றதை மீண்டும் எடுங்கள்.

நான்கு: டாக்டர் கட்டணத்தை நியாயமாக உயர்த்தி, காலத்துக்குக் காலம் திருத்துங்கள். முப்பது ஆண்டு தூங்க வேண்டாம்.

ஐந்து: தோட்டப்புறமும் சிறு பட்டணமும் பயன்பெற, அரசாங்க கிளினிக்குகள் மாலையிலும் திறந்திருக்கட்டும். தஞ்சோங் மாலிமிலும் பேராங்கிலும் வேலை முடிந்து வருகிறவன், கூலியை இழக்காமல் மருந்து வாங்க வேண்டும். அவசரத்துக்குச் சிலிம் ரிவர் ஆஸ்பத்திரி வரை ஓட வைக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைப்பதோடு நம் வேலை முடியவில்லை. சட்டம் ஏட்டில் உறங்குவதும் நாட்டில் நடப்பதும் நம் கையில் இருக்கிறது. ஆணை வந்த முதல் மூன்று மாதம் தண்டிக்காமல் எடுத்துச் சொல்லித் திருத்துவோம் என்றது அரசாங்கம். அரசாங்க அதிகாரி ஒவ்வொரு கவுன்டரிலும் நிற்க முடியாது. நாம் நிற்கிறோம்.

ஆகவே தோழர்களே, கேளுங்கள். "விலைப் பட்டியலைக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கையில் வீட்டு மருந்துகளை எடுத்துப் போய், "இது என்னிடம் இருக்கிறது, வேண்டாம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். "இதே மருந்து பொதுப்பெயரில் மலிவாக உண்டா?" என்று கேளுங்கள். மருந்துச் சீட்டாக எழுதித் தரும்படி கேட்டு, மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பனடோல் என்பது வாணிபப் பெயர். உள்ளே இருப்பது பாராசிட்டமோல். வேறு பெட்டியில் வேறு பெயரில் வரும் பாராசிட்டமோலும் அதே வேலையைத்தான் செய்யும். ஆனால் ஓர் எச்சரிக்கை. மலிவு என்பதற்காகச் சந்தையிலும் தெருவோரத்திலும் விற்கும் பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். முறையாகப் பதிவான மருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும், மின்னும் பாதுகாப்பு வில்லையும் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். டாக்டரையோ மருந்தாளரையோ கேளாமல் மருந்தை மாற்றவும் வேண்டாம், காசை மிச்சப்படுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கவும் வேண்டாம். அப்படி மிச்சம் பிடித்த காசு கடைசியில் கால் விரலைக் கேட்கும்.

கிராணிமாருக்கும் படித்த இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பட்டியல் படிக்கத் தெரியும். மலாய் எழுத்தும் ஆங்கிலப் பெயரும் தெரியும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மெட்போர்மின், அம்லோடிபின் போன்ற நம் மக்கள் அன்றாடம் விழுங்கும் பத்து மருந்துகளை எழுதுங்கள். பட்டணத்துக் கடைகளில் மாத்திரை ஒன்றுக்கு என்ன விலை என்று பட்டியலைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வரும் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பால் கணக்கு எழுதிய அதே கை இந்தக் கணக்கையும் எழுதட்டும். எவரையும் திட்ட வேண்டியதில்லை. விலை பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தால் அதுவே பேசும்.

பட்டியல் இல்லாத இடத்தைக் கண்டால் சண்டை போடாதீர்கள். நாள், இடம், ரசீது ஆகியவற்றோடு கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். அதை உரிய அமைச்சிடம் கொண்டுபோவது சங்கத்தின் பொறுப்பு.

பால் கொட்டகையில் தராசு முள்ளை நம் பக்கம் திருப்ப ஒரு தலைமுறை போராடிற்று. மருந்துக் கவுன்டரில் அந்த முள் இப்போதுதான் சற்று அசைந்திருக்கிறது. அது பழையபடி திரும்பிப் போகாமல் பிடித்து நிறுத்துவது நம் தலைமுறையின் வேலை. அந்த அம்மாள் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, தன் கேள்வியை நம்மிடம் வந்து கேட்க வேண்டியிராமல், அங்கேயே தலை நிமிர்ந்து கேட்டு, பதிலும் பெற்று வர வேண்டும். அதற்கு நாம் துணை நிற்போம்!